அடி வரும் திசையில் முன்னே தட்ட வேண்டும்: ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக் ஆன்லைன் எடிஷன்’

சண்டை விளையாட்டுகளில் எதிராளியின் அடியைத் தாங்கிக்கொள்ளப் பெரும்பாலும் நமக்குப் பழகிய வழி ஒன்றுதான். ஜாய்ஸ்டிக்கைப் பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் நம் வீரர் கைகளைக் குறுக்கே வைத்துத் தடுத்துக்கொள்வார். எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிக்கிறோமோ அவ்வளவு நேரமும் பாதுகாப்பு உண்டு. 1997-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களுக்குக் கொண்டுவந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3’, இதற்கு நேர் எதிரான இன்னொரு வழியையும் சேர்த்துக் கொடுத்தது. அடி நம் மேல் படுகிற கணத்தில் ஜாய்ஸ்டிக்கை முன்பக்கம், அதாவது அடி வருகிற திசையை நோக்கியே, ஒருமுறை தட்ட வேண்டும். சரியான கணத்தில் தட்டினால் அடி வீணாகிவிடும். எதிராளி அதிலிருந்து மீள்வதற்குள் திருப்பி அடிக்க நமக்கு நேரம் கிடைக்கும். தட்டுவது முந்தினாலும் பிந்தினாலும் தடுப்பே இல்லாமல் முழு அடியையும் வாங்க வேண்டியதுதான். இதற்குப் பாரி என்று பெயர்.

நொடிக்கு 60 ஃபிரேம்கள், அதாவது 60 தனிப் படங்கள், ஓடும் விளையாட்டில் சில ஃபிரேம்களுக்குள் செய்து முடிக்க வேண்டிய இந்தச் செயலை, பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவரோடு இணையம் வழியாகச் செய்ய முடியுமா? 2011 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகிய இரண்டு கன்சோல்களுக்கும் 15 டாலர் விலையில் வெளிவந்த ‘தேர்ட் ஸ்ட்ரைக் ஆன்லைன் எடிஷன்’ இந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முடியும் என்று அது காட்டியது. அந்தப் பதிப்பில் குறைகள் உண்டு. அவற்றையும் கீழே சொல்கிறேன். ஆனாலும் ஒரு பழைய விளையாட்டை மறுபடி வெளியிடும்போது எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டு செய்யப்பட்ட மறுவெளியீடுகளை நான் அதிகம் கண்டதில்லை.

விளையாட்டைப் பற்றி முதலில் சிறிது சொல்ல வேண்டும். 90களில் வீடியோ கேம் கடைகளில் காசு கொடுத்து ஆடிய நம்மில் பலருக்கும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்றால் இரண்டாம் பாகம்தான். கை கால்களை நீட்டி அடிக்கும் இந்திய யோகி தால்சிம் இருந்த பாகம் அது. மூன்றாம் பாகத்தில் அவர் இல்லை. 1997-இல் வந்த முதல் பதிப்பில் பழைய ஆட்களில் ரியூவும் கென்னும் மட்டுமே இருந்தார்கள். மற்ற அனைவரும் புதியவர்கள். இரண்டாவது பதிப்பான ‘செகண்ட் இம்பாக்ட்’ அதே ஆண்டில் வந்தது. மூன்றாவதும் கடைசியுமான ‘தேர்ட் ஸ்ட்ரைக்’ 1999-இல் வந்தபோதுதான் சுன்-லீ திரும்பி வந்தார். மகோதோ, ரெமி, க்யூ, ட்வெல்வ் ஆகிய நால்வரும் புதிதாகச் சேர்ந்தார்கள். அதற்குள் ஆர்கேட் கூடங்களின் பொற்காலம் முடிந்து, முப்பரிமாண விளையாட்டுகளின் பக்கம் மக்கள் போய்விட்டார்கள். இருபரிமாணத்தில் கையால் வரைந்த சித்திரங்களைக் கொண்டு, அசைவுக்கு அசைவு அத்தனை படங்களை அடுக்கிச் செய்த இந்த விளையாட்டு, தன் காலத்தில் பெற்றிருக்க வேண்டிய கூட்டத்தைப் பெறாமலே போனது.

அந்தச் சித்திரங்களை இன்று பார்த்தாலும் கண் நிறைகிறது. கென்யாவிலிருந்து வரும் எலேனா நிற்கும்போதே கபோய்ரா என்ற பிரேசில் நடனச் சண்டைக்கலையின் தாளத்தில் ஆடிக்கொண்டிருப்பார். ஒரு கணம்கூட அவர் உடல் அசையாமல் இருப்பதில்லை. ஆங்கிலேயக் குத்துச்சண்டைக்காரரான டட்லி, மீசையும் கையுறையுமாகக் கனவானுக்குரிய நிமிர்வோடு நிற்பார். ஜெர்மனியின் மல்லரான ஹியூகோ திரையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நின்று, ஒவ்வோர் அடியாக நகர்ந்து வருவதைக் கண்டால் எதிரே இருப்பவருக்கு விரல் தானாகப் பின்வாங்கும். இந்த அழகு வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் இதைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஒவ்வோர் அடியும் எந்தத் தோளிலிருந்து புறப்படுகிறது, எந்தக் கால் முதலில் அசைகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதனால்தான் பாரி செய்யவே முடிகிறது.

பாரியைப் பற்றி இன்னும் விரிவாகச் சொன்னால்தான் இணையச் சிக்கல் புரியும். மேலிருந்தோ நேராகவோ வரும் அடிக்கு முன்பக்கம் தட்ட வேண்டும்; காலை நோக்கித் தாழ வரும் அடிக்குக் கீழ்ப்பக்கம் தட்ட வேண்டும். ஆகவே கணத்தை மட்டுமல்லாமல் அடியின் உயரத்தையும் முன்கூட்டியே கணித்திருக்க வேண்டும். தாவி வரும்போது காற்றிலேயே பாரி செய்யலாம். ரியூ எறியும் ஹடோகென் என்ற ஆற்றல் உருண்டையையும் பாரி செய்யலாம். எனவே தூரத்தில் நின்றுகொண்டு எறிந்தே வெல்லும் பழைய உத்தி இங்கே செல்லுபடியாகாது. பல அடிகள் தொடர்ந்து விழும் தாக்குதலாக இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் தனித்தனியாகத் தட்ட வேண்டும். எதிராளி பிடித்து எறிந்தால் மட்டும் பாரியால் பயன் இல்லை. இதனால் பாரி செய்யக் காத்திருப்பவரை ஏமாற்றி அருகில் வந்து பிடித்து எறிவதும், அதை எதிர்பார்த்து அவர் முந்தி அடிப்பதும், அந்த அடியை இவர் பாரி செய்வதுமாக ஒருவர் மனத்தை ஒருவர் படிக்கும் ஆட்டமாக இது மாறிவிடுகிறது. சிலம்பம் கற்றவர்களுக்கு இந்த மனநிலை அந்நியமாக இருக்காது. வருகிற கம்பிலிருந்து விலகி ஓடுவதும், அதை எதிர்கொண்டு தட்டிவிட்டு அதே வீச்சில் உள்ளே புகுவதும் ஒன்றாகுமா?

இதன் உச்சத்தை உலகம் கண்டது 2004-இல், கலிஃபோர்னியாவின் கால் பாலி பொமோனா பல்கலைக்கழகத்தில் நடந்த ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில். ஜப்பானின் டைகோ உமேஹாரா கென்னை வைத்தும், அமெரிக்காவின் ஜஸ்டின் வாங் சுன்-லீயை வைத்தும் ஆடினார்கள். டைகோவின் உயிர்க்கோட்டில் ஒரு துளிதான் மீதம் இருந்தது. சிறப்புத் தாக்குதல்களைப் பழைய முறையில் தடுத்தாலும் சிறிது உயிர் குறையும் என்பதால், அந்த நிலையில் தடுத்தாலும் தோல்வி. ஜஸ்டின் வாங், சுன்-லீயின் பெரும் தாக்குதலான ஹோயோகு-சென்னை ஏவினார். அடுக்கடுக்கான உதைகள், மொத்தம் 15 அடிகள். டைகோ அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பாரி செய்து, கடைசி உதைக்குத் தாவி அதையும் காற்றிலேயே பாரி செய்து, இறங்கும்போது தன் பதிலடியைத் தொடங்கி ஆட்டத்தை முடித்தார். அரங்கம் எழுந்து நின்று கத்திய அந்தக் காணொளி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் டைகோ தோற்றார், கோப்பை கென்ஜி ஒபாடாவுக்குப் போனது என்பது பலருக்கு நினைவில் இல்லை.

இப்போது இணையத்துக்கு வருவோம். ‘தேர்ட் ஸ்ட்ரைக்’ வீட்டுக் கன்சோலுக்கு வந்தது 2011-இல் முதன்முறையாக அல்ல. 2000-இல் ட்ரீம்காஸ்டுக்கு வந்தது. 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தது. அந்த எக்ஸ்பாக்ஸ் பதிப்பில் இணைய ஆட்டமும் இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் இணையச் சண்டை விளையாட்டுகள் பொதுவாக ஒரே முறையைப் பின்பற்றின: நாம் ஒரு பட்டனை அழுத்தினால் அது எதிராளியின் கன்சோலுக்குப் போய்ச் சேரும்வரை நம் கன்சோலும் காத்திருக்கும், இருவருடைய பட்டன்களும் இரு பக்கமும் கிடைத்த பிறகுதான் அடுத்த ஃபிரேம் நகரும். இருவரும் எப்போதும் ஒரே காட்சியைக் காண்பார்கள் என்பது இந்த முறையின் நன்மை. கேடு என்னவென்றால், நம் விரலுக்கும் திரைக்கும் நடுவே ஓர் இடைவெளி புகுந்துவிடும். இணைப்பு ஏறி இறங்க ஏறி இறங்க அந்த இடைவெளியும் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். நிலையான தாமதம் என்றாலாவது கை பழகிக்கொள்ளும். மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்தில் பாரி செய்வது, தாளம் மாறிக்கொண்டே இருக்கும் மேளத்துக்கு அடவு பிடிப்பதைப் போன்றது.

2006-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஹைப்பர் ஃபைட்டிங்’ இணைய ஆட்டத்தோடு வந்தது. அதன் இணைய அனுபவம் நிறைவு தராததால், ஈவோ போட்டியை நிறுவியவர்களில் ஒருவரான டோனி கேனன் தாமே ஒரு தீர்வை எழுதத் தொடங்கினார். அதன் பெயர் ஜிஜிபிஓ. அது பின்பற்றும் முறையைத்தான் இன்று எல்லோரும் ரோல்பேக் என்கிறார்கள். எதிராளியின் பட்டன் வந்துசேரும்வரை அது காத்திருப்பதில்லை. கடைசியாக அவர் என்ன செய்துகொண்டிருந்தாரோ அதையே இந்த ஃபிரேமிலும் செய்கிறார் என்று வைத்துக்கொண்டு ஆட்டத்தை நகர்த்திவிடும். முன்னோக்கி நடந்துகொண்டிருந்தவர் அடுத்த ஃபிரேமிலும் பெரும்பாலும் நடந்துகொண்டுதான் இருப்பார் என்பதால் இந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும். பலிக்காதபோது, உண்மையான செய்தி வந்தவுடன் ஆட்டத்தைச் சில ஃபிரேம்கள் பின்னே கொண்டுபோய், அங்கிருந்து சரியானபடி மறுபடி ஓட்டி, அடுத்த படம் திரைக்கு வருவதற்குள் நிகழ்காலத்துக்குத் திரும்பிவிடும். பழைய ஆர்கேட் விளையாட்டுகள் இதற்கு மிகவும் இசைவானவை. அவற்றின் மொத்த நிலையையும் சேமித்துவைத்து, ஒரே ஃபிரேமுக்குரிய நேரத்துக்குள் பல ஃபிரேம்களை ஓட்டிப் பார்ப்பது புதிய கன்சோல்களுக்குப் பெரிய சுமை இல்லை. சிகாகோவைச் சேர்ந்த அயர்ன் கேலக்ஸி நிறுவனம் இந்த ஆன்லைன் பதிப்பை உருவாக்கியபோது ஜிஜிபிஓவையே அடித்தளமாக வைத்துக்கொண்டது.

ரோல்பேக்கில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊகம் தவறிப்போன இடத்தில் எதிராளி சட்டென்று இடம் மாறித் தெரிவார். அவர் அடியின் முதல் சில படங்கள் விடுபட்டு, பாதியில் இருந்து அடி தொடங்கியதுபோல் தோன்றும். எதிர்பாராமல் வரும் விரைவான ஒற்றை அடியைக் கண்ணால் பார்த்துப் பாரி செய்வது இணையத்தில் கடினமாவது இதனால்தான். ஆனால் நம் விரல் அழுத்தியதற்கும் நம் வீரர் அசைவதற்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருக்கிறது. வீட்டில் தனியே பயிற்சி செய்து கைக்குள் ஏறிய காலக்கணக்கு இணையத்திலும் அப்படியே செல்லுபடியாகிறது. அடிகளை இடைவிடாமல் கோக்கும் காம்போக்கள் நழுவுவதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. ஆடத் தொடங்கி வெகு நாள் கழித்துத்தான் அது எனக்கு விளங்கியது. சுன்-லீயின் அந்த 15 அடித் தாக்குதல் ஒருமுறை தொடங்கிவிட்டால், அது முடியும்வரை எதிராளி எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஆட்டத்தில் எதுவும் மாறாது. அடுத்தடுத்த உதைகள் எந்த ஃபிரேமில் விழும் என்பது முன்பே முடிவாகிவிட்டது. ஆகவே அந்த நேரம் முழுவதும் ஊகம் தவறுவதற்கு இடமே இல்லை; திரையில் தெரிவது உண்மையாகவே நடப்பது. முதல் உதையைச் சரியாகக் கணித்துத் தட்டிவிட்டால், மிச்சமுள்ள பதினான்கையும் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடும்போது தட்டுவதைப் போலவே தட்டலாம். இந்த விளையாட்டின் புகழ்பெற்ற கணத்துக்கு இணையத்தில் ஊறு நேரவில்லை. வேறு எந்த அம்சத்தைவிடவும் இதற்காகவே இந்தப் பதிப்பை நான் மதிக்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து ஆடுபவருக்கு இது எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணாடி இழை வழியே ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் கணக்கிட்டால் ஒரு செய்தி ஒருபக்கம் போய்ச் சேர 15 மில்லி நொடிக்குள்தான் ஆகும். அது ஒரு ஃபிரேமைவிடக் குறைவு. கடலடிக் கம்பிகள் வளைந்து செல்வதையும் வழியில் உள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தாலும் ரோல்பேக் எளிதில் மறைத்துவிடக்கூடிய அளவுதான். கலிஃபோர்னியாவோ 14,000 கிலோமீட்டருக்கும் அப்பால். ஒருபக்கம் மட்டுமே நான்கு ஃபிரேம்களுக்கு மேல் போய்விடும். அந்தத் தொலைவை, இணைய ஆட்டத்தை இயக்கும் எந்த நெட்கோடாலும் மறைக்க முடியாது.

என் தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவனோடு ஆடும்போது, பல இரவுகளில் அவன் அடுத்த அறையில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியிருக்கிறது. அவன் ஹியூகோவை விடமாட்டான். நான் டட்லியை விடமாட்டேன். ஒருமுறை ஆட்டம் திணறியபோது விளையாட்டைக் குறை சொன்னேன். பிறகு பார்த்தால் என் வீட்டில் கன்சோல் இருந்த அறைக்கு வைஃபை சரியாக எட்டவில்லை. ரவுட்டரிலிருந்து நேராக ஒரு லேன் கேபிள் இழுத்த அன்றே திணறல் நின்றது. ரோல்பேக்கால் நிலையான தொலைவைச் சமாளிக்க முடியும். விட்டு விட்டு வரும் இணைப்பைச் சமாளிப்பது அதன் வேலை இல்லை.

இணைய ஆட்டத்தைச் சுற்றியுள்ள மற்ற ஏற்பாடுகளும் ஆர்கேட் கூடத்தின் நினைவோடு செய்யப்பட்டவை. எட்டுப் பேர் வரை ஓர் அறையில் கூடலாம்; இருவர் ஆட, மற்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருக்கலாம். வேடிக்கை பார்ப்பது இந்த விளையாட்டில் கற்றலின் பாதி. ஆடிய ஆட்டங்களைச் சேமித்து மறுபடி பார்க்கலாம். அப்படியே யூடியூபுக்கு அனுப்பும் வசதியும் இருந்தது. 2011-இல் கன்சோல் விளையாட்டு ஒன்றில் அது அரிய வசதி. தோற்ற ஆட்டத்தை மறுநாள் நிதானமாகப் பார்க்கும்போதுதான், நாம் எப்போதும் எழுந்தவுடன் அதே உதையை உதைக்கிறோம் என்பதும், எதிராளி அதைக் கண்டுகொண்டு காத்திருந்தார் என்பதும் தெரியவரும்.

ஒற்றையாகப் பயில்வதற்குச் சோதனைகள் உண்டு. ஒவ்வொரு வீரருக்கும் காம்போக்களைச் செய்து காட்டச் சொல்லும் சோதனைகள் ஒருபுறம். பாரிக்கென்றே தனிச் சோதனைகள் ஒருபுறம். அவற்றில் டைகோவின் அந்த 2004-ஆம் ஆண்டு நிகழ்வை நாமே செய்து பார்க்கும் சோதனையும் இருக்கிறது. அதை முடிக்க எனக்கு நான்கு மாலைகள் ஆயின. முதல் உதை விழுவதற்கு முன்பே, திரை ஒளிரும் கணத்திலேயே விரல் தயாராக இருக்க வேண்டும் என்பதும், உதைகள் எல்லாம் ஒரே இடைவெளியில் வருவதில்லை என்பதும், நடுவே ஒரு சிறு நிறுத்தம் வந்து ஏமாற்றும் என்பதும் செய்து பார்த்தால்தான் புரியும். காணொளியை நூறு முறை பார்த்திருந்தும் அந்த நிறுத்தத்தை நான் கவனித்திருக்கவில்லை.

திரையின் இரு ஓரங்களிலும், நாம் ஆடும்போதே நிறைவேறிக்கொண்டிருக்கும் இலக்குகள் பட்டியல்போலத் தோன்றும்; இத்தனை பாரி, இத்தனை பெரும் தாக்குதல் என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும். அதில் சேரும் புள்ளிகளைக் கொண்டு ஓவியங்களையும் இசையையும் திறந்துகொள்ளலாம். பழைய நான்குக்கு மூன்று விகிதப் படம் அகலத் திரையில் விட்டுவைக்கும் வெற்றிடத்தை இப்படிப் பயன்படுத்தியது நல்ல எண்ணம்தான். ஆயினும் கூர்ந்து ஆட வேண்டிய நேரத்தில் ஓரக்கண்ணில் எதோ மின்னுவது எனக்குத் தொந்தரவாக இருந்ததால் அதை அணைத்துவிட்டே ஆடுகிறேன். ஆர்கேட் பெட்டியின் சாயலில் படத்தைக் காட்டும் அமைப்பும், பழைய திரையின் கிடைக்கோடுகளைச் சேர்க்கும் அமைப்பும் உண்டு. படத்தை அகலமாக இழுத்துக் காட்டும் அமைப்பு ஏன் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அத்தனை பாடுபட்டு வரைந்த உடல்கள் அதில் உருக்குலைந்து போகின்றன. இசையை மாற்றியமைத்த வடிவத்திலும் கேட்கலாம். நான் மூல இசைக்கே திரும்பிவிட்டேன். ஜாஸும் ஹிப்-ஹாப்பும் கலந்த அந்த இசை இந்த விளையாட்டின் நடையோடு ஒன்றிப்போனது.

குறை என்று பார்த்தால், புதிதாக வருபவரை இந்தப் பதிப்பு கைபிடித்து அழைத்துச் செல்வதில்லை என்பதே முதன்மையானது. சோதனைகள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கின்றன. ஏன் செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் மூன்று பெரும் தாக்குதல்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அந்தத் தேர்வு ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடும். யூன் தன் மூன்றாவதைத் தேர்ந்துகொண்டால் அவர் வேறு ஆள். இதையெல்லாம் அனுபவசாலி ஒருவர் சொல்லித்தந்தால்தான் உண்டு. இரண்டாவது குறை மூல விளையாட்டினுடையது. சுன்-லீ, யூன், கென் ஆகிய மூவரும் மற்றவர்களைவிட வெகுவாக ஓங்கியவர்கள். ஷானும் ட்வெல்வும் அடித்தட்டில் கிடப்பவர்கள். தரவரிசை ஆட்டங்களில் திரும்பத் திரும்ப அந்த மூவரையே எதிர்கொள்ள நேரும். அதைத் திருத்தாமல் மூலத்தை அப்படியே விட்டது சரி என்றே நினைக்கிறேன். சமநிலை இல்லாத இந்த விளையாட்டைத்தான் மக்கள் பல ஆண்டுகள் ஆடி, அதற்குள்ளேயே வழிகளைக் கண்டுபிடித்தார்கள். டட்லியை வைத்துச் சுன்-லீயை வெல்வதில் கிடைக்கும் நிறைவு, இருவரும் சமமாக இருந்தால் கிடைக்காது.

இந்தப் பதிப்பின் அருமையை உணர, மூல விளையாட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அது ஓடிய சிபிஎஸ்-3 என்ற ஆர்கேட் பலகையில் ஆறே விளையாட்டுகள்தான் வந்தன. விளையாட்டு ஒரு குறுந்தகட்டில் வரும்; அதன் பூட்டைத் திறக்கும் சாவி ஒரு தனிக் கேட்ரிட்ஜில், மின்கலத்தின் உதவியால் நினைவில் வைக்கப்பட்டிருக்கும். மின்கலம் தீர்ந்தால் சாவி அழியும். சாவி அழிந்தால் பலகை வெறும் பலகைதான். 1999-இல் செய்யப்பட்ட ஒன்று இப்படிச் சிறிது சிறிதாகச் செத்துக்கொண்டிருக்கும்போது, அதன் கணத்துல்லியத்தையும் சேர்த்து இன்னொரு தலைமுறைக் கன்சோலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது சாதாரண வேலை இல்லை.

ஆனால் அந்தத் தலைமுறைக் கன்சோல்களும் இப்போது பழையவை ஆகிவிட்டன. எக்ஸ்பாக்ஸ் 360-இன் இணையக் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. அதில் புதிதாக வாங்க இனி வழி இல்லை. பிளேஸ்டேஷன் 3-இன் கடையையும் மூடுவதாக 2021-இல் அறிவித்து, எதிர்ப்பு எழுந்தபின் அந்த முடிவைக் கைவிட்டார்கள். இன்று புதிதாக ஆட விரும்புபவர், 2018 மே மாதத்தில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச், கணினி ஆகியவற்றுக்கு வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30-ஆம் ஆண்டு நிறைவுத் தொகுப்பை’ வாங்கலாம். டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய அந்தத் தொகுப்பில் 12 விளையாட்டுகள் உள்ளன. அவற்றில் நான்கை மட்டுமே இணையத்தில் ஆட முடியும், ‘தேர்ட் ஸ்ட்ரைக்’ அவற்றில் ஒன்று. ஓவியங்களையும் வரலாற்றையும் அடுக்கிவைத்துள்ள அருங்காட்சியகப் பகுதி மிக அழகானது; வீரர்களின் அசைவுகளை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்க்கலாம் என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் ஒரே ஒரு விளையாட்டின் மேல் முழுக் கவனத்தையும் வைத்துச் செய்த 2011 பதிப்பின் ஆழம் பன்னிரண்டையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பில் இல்லை. பயிற்சி அறை இருக்கிறது. காம்போச் சோதனைகளும் பாரிச் சோதனைகளும் இல்லை. டைகோவின் அந்தக் கணத்தை இதில் பயில வேண்டுமானால் எதிரே சுன்-லீயை வைத்து ஆட ஒரு நண்பர் வேண்டும்.

பழைய பிளேஸ்டேஷன் 3 ஒன்றை அலமாரியில் வைத்திருப்பவர், ஆன்லைன் பதிப்பு ஏற்கெனவே அதில் இருந்தால், அதைத் துடைத்தெடுத்துச் சோதனைகளுக்காகவாவது மறுபடி இயக்கிப் பாருங்கள். இணையத்தில் முன்பின் தெரியாத எதிராளிகளைத் தேடுவதற்கு 2018 தொகுப்பே ஏற்றது. எதில் ஆடினாலும், அனலாக் குச்சியை விட்டுவிட்டுத் திசைப் பட்டன்களுக்கு வந்துவிடுங்கள். முடிந்தால் ஆர்கேட் ஸ்டிக். முன்பக்கம் தட்டிவிட்டு உடனே நடுவுக்கு வருவது பாரிக்கு உயிரானது, அனலாக் குச்சியில் அது மழுங்கிப்போகிறது. தொகுப்பில் இணைய ஆட்டத்துக்கான தாமத அளவை நாமே தேர்ந்துகொள்ள ஓர் அமைப்பு உண்டு. முதலில் அதைக் குறைவாக வைத்து, தொலைவு தெரிந்த ஒரே ஆளோடு பத்து ஆட்டங்கள் ஆடிப் பாருங்கள். எதிராளி அடிக்கடி இடம் மாறித் தெரிந்தால் ஒரு படி கூட்டுங்கள். தெரியாவிட்டால் அப்படியே விட்டுவிட்டு, விரல் பழகும்வரை அந்த எண்ணைத் தொடாதீர்கள்.